பெரியவள் தட்டு

போன ஆடியில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் கூழும், சின்னக் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினார். கிண்ணத்தை வாங்கிய கையோடு பெரியவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கதவை வெளியே சாத்திவிட்டு, நின்றபடியே விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதா?"

"தம்பிக்கு வாசனை ஆவாதும்மா."

கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நம்ம வீட்ல கருவாட்டுக் கொழம்பு வச்சு அஞ்சு வருஷம் ஆவுது. நான் அப்ப நாலாவது படிச்சேன்."

குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. சின்னவன் எந்த மாதம் எதைச் சாப்பிட்டான், எதை நிறுத்தினான், எத்தனை வாய், எந்தத் தட்டில் என்று என்னிடம் மூன்று நோட்டு நிறைய எழுத்து இருக்கிறது. பெரியவள் என்ன சாப்பிட்டாள் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

நாங்கள் குடியாத்தம். வீட்டுக்காரர் லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார், பிள்ளைகளுக்கு ஆயா. சின்னவனுக்குப் பத்து வயது, ஆட்டிசம். பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவான். சில வருடம் முன்பு வரை அவனுடைய சாப்பாட்டைச் சொன்னால் உங்களுக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்: சட்னி, சாம்பார் எதுவும் படாத இட்லி, தாளிக்காத தயிர்சோறு, உளுந்து அப்பளம், ஒரு குறிப்பிட்ட பிஸ்கட். நான்கே நான்கு. அதுவும் மூன்று பள்ளம் உள்ள எவர்சில்வர் தட்டில், ஒன்று இன்னொன்றைத் தொடாமல் இருக்க வேண்டும். இட்லியின் ஓரம் உடைந்திருந்தால் வேண்டாம். அப்பளம் நமுத்திருந்தால் வேண்டாம்.

அந்த பிஸ்கட் கம்பெனி ஒருமுறை உறையின் நிறத்தை மாற்றியது. உள்ளே இருந்தது அதே பிஸ்கட்தான். பழைய உறை கிடைக்குமா என்று வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டு வரைக்கும் கடை கடையாகப் போய்த் தேடினார். கிடைத்த ஏழு பாக்கெட் தீர்ந்ததும் அந்த உணவும் தீர்ந்தது. நான்கு மூன்றானது.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் என்ற பெயரில் லியோ கன்னர் என்ற குழந்தைகள் மனநல டாக்டர் 1943இல் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதினாரே, அந்த முதல் கட்டுரையிலேயே சாப்பாட்டுத் தொல்லை வருகிறது. அமெரிக்கக் குழந்தைகள் அவர்கள். என் கை இட்லியும் என் செல்லமும் அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, மற்ற பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினை இருக்க ஐந்து மடங்கு வாய்ப்பு என்கிறது. இவர்கள் சாப்பாட்டில் கால்சியமும் புரதமும் குறைகிறது என்றும் அதில் இருக்கிறது. இதையெல்லாம் நான் படித்தது ரொம்ப தாமதமாக. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை நாள் அழாமல் இருந்திருப்பேன்!

தயிர்சோற்றில் கிடக்கும் கடுகு நமக்குக் கண்ணிலேயே படாது. அவன் வாய்க்கு அது சோற்றில் கிடக்கும் கல். மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்தால் நமக்கு ஒரு இருமல். அவன் காதையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவான். 2023இல் ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்தது ஞாபகம் இருக்கிறதா? இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12ம் சேர்த்துச் செய்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்து கொடுத்தார்கள். பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் தெருவே பேசியது. பிளாஸ்டிக் இல்லை, நல்ல அரிசிதான். ஆனால் வடித்த சோற்றிலிருந்து அந்த மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தது என் பிள்ளை ஒருவன்தான். நான் அதே சோற்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்குப் பாதிதான் தெரிந்தது.

அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு அடைமொழி வரும். கையெழுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் பேனா நிற்கும். புற உலகம் அவனுக்குக் கூடுதலாகவே வந்து சேர்கிறது. அந்த வார்த்தையை யாராவது மாற்ற வேண்டும்.

சரி, நாங்கள் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் அவனை ஆயா மடியில் படுக்கவைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார். நான் மூக்கைப் பிடிப்பேன். மூச்சுக்கு வாய் திறக்கும்போது பருப்புச் சோறு உள்ளே போகும். முக்கால்வாசி வெளியே வரும். அவனுக்குக் கரண்டியைப் பார்த்தாலே ஓங்கரிக்க ஆரம்பித்தது. நாலு வயதில் ஒரு கிளினிக்கில், ரெண்டு நாள் எதுவும் கொடுக்காதீர்கள், பசித்தால் தானாகச் சாப்பிடுவான் என்றார்கள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம், நானும் அதை மறந்து சரி என்றேன். ஒன்றரை நாள். தண்ணீர் மட்டும் குடித்தான். அழக்கூட இல்லை. இரண்டாம் நாள் மதியம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். பசி வருவது அவனுக்கு நமக்குத் தெரிகிற மாதிரி தெரிவதில்லை. தெரிந்தாலும் முன்னே இருப்பது அவனுக்குச் சாப்பாடாகத் தோன்றுவதில்லை. அன்றைக்கு ஆயாதான் என்னிடமிருந்து அவனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தயிர்சோறு கொடுத்தார். "கொயந்தைய கொன்னுடாதடி" என்றார். மருமகளே என்பதற்குப் பதில் 'அடி' என்று அவர் என்னைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஐந்து வயதில் பாலும் கோதுமையும் நிறுத்தச் சொன்னார்கள். அது போன் வழியாகப் பணம் கட்டிக் கேட்ட ஆலோசனை. கோதுமையில் இருக்கும் குளூட்டன், பாலில் இருக்கும் கேசீன் இரண்டையும் நிறுத்தினால் பேச்சு வரும் என்றார்கள். பேச்சு வரும் என்று சொன்னால் எந்தத் தாய்தான் கேட்கமாட்டாள்? நான்கு மாதம் தயிர் நிறுத்தினேன். பேச்சு வரவில்லை. இரண்டு கிலோ குறைந்தான். அந்த உணவு முறையால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். பால் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நிறுத்துவது வேறு விஷயம், அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் தயிரைத் திரும்ப வைத்தபோது அவன் அதைப் பார்க்கவே இல்லை. மறுபடி தயிர்சோறு சாப்பிட ஏழு மாதம் ஆனது. நான்கே உணவு உள்ள பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால் அது திரும்பி வரும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இதைப் படிக்கும் தாய்மார்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

2022இல், அவனுக்கு ஏழு வயது நடந்தபோது, நடப்பதை நிறுத்தினான். முதலில் மாடிப்படி ஏறவில்லை. பிறகு தரையில் காலை ஊன்றவில்லை. தூக்கினால் அலறுவான். பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம். இங்கே இரண்டு இடத்தில் காட்டினோம். ஒருவர் வளரும் பிள்ளைக்கு வருகிற வலி என்றார், இன்னொருவர் ரத்தப் புற்றாக இருக்கலாம், உடனே போங்கள் என்றார். வேலூர் பஸ்ஸில் அவனை மடியில் கிடத்திக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போனேன். பள்ளம் வரும்போதெல்லாம் அவன் கத்தினான், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வேலூரில் பார்த்த டாக்டரம்மா காலைத் தொடும் முன்னாடி ஒரு கேள்வி கேட்டார். "என்ன சாப்பிடுவான்?"

நோட்டைக் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டினார். "இதுல பழமோ காயோ ஒண்ணுகூட இல்லையேம்மா" என்றார். இட்லி, தயிர்சோறு, அப்பளம் மூன்றிலும் வைட்டமின் சி இல்லை என்றே சொல்லலாம். அதை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. எக்ஸ்ரேயும் ரத்தமும் பார்த்துவிட்டு ஸ்கர்வி என்றார். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளுக்கு வந்த நோய். கொய்யாவும் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தெருவில் கூவி விற்கும் ஊரில் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது. அவன் ஒல்லி இல்லை, அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. அரிசியும் உளுந்தும் எண்ணெயும் சேர்ந்து எடையைக் காப்பாற்றிவிட்டன. எடை சரியாக இருக்கிறது, கவலைப்படாதே என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் பிள்ளை எண்ணி நாலைந்து பொருள்தான் சாப்பிடுகிறான் என்றால், ஒரு வாரத்துக்கு அவன் சாப்பிட்டதை எழுதி டாக்டர் முன்னால் வையுங்கள். இரும்புச்சத்து, வைட்டமின் எல்லாம் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

வைட்டமின் மருந்தைத் தயிர்சோற்றில் கலந்து கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "கண்டுபிடிச்சான்னா தயிர்சோறும் போயிடும், தனியா குடுங்க" என்றார். தனி டம்ளரில், தனி நேரத்தில், ஆயா பாட்டுப் பாடக் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலைத் தொட விட்டான். மூன்றாவது வாரம் லாட்ஜ் வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அந்த லாட்ஜைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காந்தி ரோடு பக்கம் உள்ள லாட்ஜ்களில் பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அவர்களே சமைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு எதிர் அறையில் ஒரு தாயும் ஆறு வயதுப் பெண்ணும். அந்தப் பெண் நாள் முழுக்க பொரி சாப்பிட்டாள். பொரி மட்டும்தான். அவர்கள் பாஷையில் முரி. அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. அவர் தன் மகளைக் காட்டி, பொரிப் பையைக் காட்டி, ஒரு விரலைத் தூக்கினார். நான் சின்னவனைக் காட்டி மூன்று விரலைத் தூக்கினேன். இரண்டு பேரும் வராண்டாவில் உட்கார்ந்து அழுதோம், அப்புறம் சிரித்தோம். சின்னவன் அந்தப் பொரியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான்காம் நாள் கீழே விழுந்த ஒன்றை எடுத்து நசுக்கினான். ஆறாம் நாள் வாயில் போட்டான்.

இதை டாக்டரம்மா அனுப்பிய தெரபிஸ்ட்டிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவனுக்கு ருசியைவிட சத்தம் முக்கியம், நொறுங்கணும், வெள்ளையா இருக்கணும். அங்க இருந்தே தொடங்குங்க." அவர் சொன்ன வழி இதுதான். தெரிந்த உணவிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளி இருக்கும் உணவை வைக்க வேண்டும். அவன் தட்டில் வைக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில். சாப்பிடு என்று சொல்லவே கூடாது. பார்த்தால் போதும், தொட்டால் போதும், முகர்ந்துவிட்டுத் தள்ளினாலும் அது ஒரு படி. பத்து, பதினைந்து தடவை வைத்தும் தொடவில்லையே என்று விட்டுவிடக் கூடாது. என்ன வைப்பது, எப்போது, எங்கே என்பது என் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது அவன் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதற்கு எனக்கு ஒரு வருடம் பழக வேண்டியிருந்தது.

உளுந்து அப்பளத்திலிருந்து அரிசி அப்பளம். அதிலிருந்து பொரி. பொரியிலிருந்து தோல் நீக்கி வறுத்த வேர்க்கடலை. எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை, புரதமும் உண்டு. அப்புறம் கொய்யா. பழுத்தது ஆகவே ஆகாது. கல் மாதிரிக் காயாக வாங்கி, விதையை எடுத்துவிட்டு, அப்பளம் மாதிரி மெல்லிசாகச் சீவி வைப்பேன். முதல் இரண்டு மாதம் அந்தத் தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தான். பிறகு சீவல்களை வரிசையாக அடுக்கினான். ஏழாவது மாதம் ஒரு சீவலை முன்பல்லால் நறுக்கென்று கடித்தான். சத்தத்தைக் கேட்டான். மறுபடி கடித்தான். தையல் மெஷினில் இருந்த நான் காலை மிதிக்காமல் அப்படியே இருந்தேன், பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவானோ என்று. ஆயா உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றப் போனவர், அந்த வாசனையும் ஆகாதே என்று வெறும் கையைக் கூப்பிவிட்டு வந்தார். இப்போது தினம் அரைக் காய் சாப்பிடுகிறான். மருந்தும் தொடர்கிறது.

இத்தனையும் நோட்டில் இருக்கிறது, தேதியோடு. நோட்டில் இல்லாதது அந்த ஆடி ராத்திரிதான் ஒவ்வொன்றாக மனதில் வந்தது.

அவனுக்காகத் தாளிப்பை நிறுத்தினேன். பூண்டு, மீன், கருவாடு எல்லாம் நின்றது. வீட்டுக்காரர் ராத்திரி கடைப்பக்கமே டிபன் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆயா சாயங்காலமே இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். நான் சின்னவன் மிச்சம் வைத்த தயிர்சோற்றை நின்றுகொண்டே வழித்துப் போட்டுக்கொள்வேன், அதுதான் என் சாப்பாடு. போன வருடம் எனக்கு ஹீமோகுளோபின் 8.2, ரத்தசோகை. அவனுக்கு இரும்புச்சத்து பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டவள், என் ரத்தத்தைப் பார்க்க மூன்று வருடம் தள்ளிப் போட்டேன். ஒரே வீட்டில் ஐந்து பேர், ஐந்து நேரம், ஐந்து மூலை.

பெரியவள் எங்கே சாப்பிட்டாள்? பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்டிருக்கிறாள். "அங்க முட்டை போடுவாங்கம்மா, நான் நல்லா சாப்பிட்டுடுவேன்" என்று எத்தனையோ தடவை சொன்னாள். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், அவளுக்குப் பத்து வயது. பந்தியில் பிரியாணி அண்டாவின் தம் உடைத்ததும் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். அவனை வேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே இவளும் வந்துவிட்டாள். "நீ போய்ச் சாப்பிடுடி" என்றேன். "எனக்கும் பிரியாணி புடிக்காதும்மா" என்று சொல்லி டப்பாவில் இருந்த தயிர்சோற்றைச் சாப்பிட்டாள். நான் நம்பினேன். அவளுக்குப் பிரியாணி பிடிக்கும் என்று இரண்டு வருடம் கழித்து அவள் சிநேகிதியின் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை நான் தம்பியை ரயில் பார்க்க ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போறேன். நீ வை" என்றார்.

சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான் வேண்டும் என்று ஆயா சொல்லிவிட்டார். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த காய் என்று கடைக்காரர் ஐந்து ரூபாய் கூடச் சொன்னார், கொடுத்தேன். பின்கட்டில் மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினேன். வெந்தயமும் மிளகாயும் தாளித்தபோது கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. ஐந்து வருடமாக வராத தும்மல் வந்தது. ஆயா கேழ்வரகுக் களி கிளறி, ஈரக் கையால் உருட்டி வைத்தார்.

கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் பெரியவளை உட்கார வைத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு உருண்டை முடித்தாள். இன்னொன்று வாங்கினாள். கத்திரிக்காய்க் காம்பை உறிஞ்சிவிட்டு, "மா, நீ துண்ணலியா?" என்றாள்.

மூன்றாவது உருண்டை பாதியில் இருக்கும்போது அவர்கள் வந்துவிட்டார்கள். ரயில் தாமதமாம், இவன் அதற்கு மேல் நிற்கவில்லையாம். சின்னவன் வாசற்படியிலேயே நின்று மூக்கைப் பொத்தினான். பெரியவள் தட்டோடு எழுந்துவிட்டாள், கால் தானாகப் பின்கட்டுப் பக்கம் திரும்பியது.

"நீ உக்காரு" என்றேன். "முடிச்சிட்டு எழுந்திரு."

அவர் சின்னவனை மாடிக்குக் கூட்டிப் போனார், பொரி டப்பாவோடு. நான் இடது கையால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மேலே இருந்து பொரி நொறுங்கும் சத்தம் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்து, களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தாள்.